டைட்டானியம் ஃபிரேம் டிராயிங் வந்துவிட்டது, சரி என்று பதில் போடக் கை வரவில்லை

புதுச்சங்கிலி:
எல்லோருக்கும் வணக்கம். என் உயரம் 172 செ.மீ., உள்கால் அளவு 76. அதாவது உடம்பு நீளம், கால் குட்டை. கடையில் தொங்கும் ஃபிரேம்களில் கைக்கு எட்டும் தூரம் சரியாக இருந்தால் மேல்குழாய் கவட்டில் இடிக்கிறது, மேல்குழாய் சரியாக இருந்தால் ஹேண்டில்பார் மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீள ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) போட்டுப் பத்து வருடம் ஒப்பேற்றியாகிவிட்டது. இப்போது இருக்கும் ஸ்டீல் ஃபிரேமில் சீட் டியூபுக்கு உள்ளே துரு, சீட்டைத் தாங்கும் போஸ்ட்டை உருவினால் செம்பொடி கொட்டுகிறது.

அதனால் என் அளவுக்கே ஒரு டைட்டானியம் ஃபிரேம் செய்துகொள்ளலாம் என்று முடிவு. மண்சாலையும் தார்ச்சாலையும் கலந்த ஓட்டம், 45 மி.மீ. டயர், டிஸ்க் பிரேக். பெயர் பெற்ற நிறுவனங்களின் விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். நேரடியாகத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பும் வெளிநாட்டு ஆட்கள் மூன்று பேருக்கு எழுதினேன், அவர்களில் ஒருவர் அந்த நிறுவனங்களின் விலையில் பாதிக்கும் கீழே சொல்லி, மூன்றே நாளில் டிராயிங்கும் அனுப்பிவிட்டார். "சரி என்றால் சொல்லுங்கள், குழாய் வெட்ட ஆரம்பிக்கிறோம்" என்கிறார். இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. விலை ஏன் இவ்வளவு குறைவு? டைட்டானியக் கலவை கிரேடு 9 என்கிறார், கிரேடு 5 கேட்க வேண்டுமா?

கிழட்டு டயர்:
தம்பி, இந்த வழியில் இரண்டு ஃபிரேம் வாங்கியவன் நான். முதலாவதில் பட்டதைச் சொல்கிறேன், காசு மிச்சமாவது எங்கே என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்போது நான் அனுப்பியது பழைய சைக்கிளின் அளவுகள், ஃபோர்க் நீளம், டயர் அளவு, அவ்வளவுதான். அழகான டிராயிங் வந்தது. கோணங்களைப் பார்த்தேன், பழைய சைக்கிள் மாதிரியே இருந்தது, சரி என்று போட்டுவிட்டேன். ஃபிரேம் வந்தது, வெல்டிங் எல்லாம் அடுக்கி வைத்த காசு மாதிரி. மாட்டி ஏறி உட்கார்ந்தால் ஏதோ பின்னால் சரிந்து உட்கார்ந்த மாதிரி ஒரு உணர்வு, முன்சக்கரம் மெதுவான ஏற்றத்தில் அங்குமிங்கும் அலைகிறது. ஒரு வாரம் சீட்டை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு டிராயிங்கை எடுத்து உட்கார்ந்தேன். ஹெட் டியூப், அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய், 44 மி.மீ. உள்விட்டம், தண்டு கீழே பருத்தது, அதனால் பேரிங்கைத் தாங்கும் கீழ்க் கிண்ணம் குழாய்க்கு வெளியே உட்காரும் வகை. அந்தக் கிண்ணத்தின் உயரம் 12 மி.மீ. டிராயிங்கில் அது இல்லவே இல்லை. ஃபோர்க்கின் தலை நேராக ஹெட் டியூபில் முட்டுவதாக வரைந்திருந்தார்கள்.

12 மி.மீ. என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். முன்பக்கம் 12 தூக்கினால், ஒரு மீட்டர் சக்கர இடைவெளிக்கு, சைக்கிள் முழுவதும் முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் சாய்கிறது. ஹெட் கோணமும் சாய்கிறது, சீட் கோணமும் சாய்கிறது, பெடல்கள் சுழலும் மையமான பாட்டம் பிராக்கெட் 5 மி.மீ. மேலே போகிறது, சீட்டு 8 மி.மீ. பின்னால் போகிறது. எழுதினேன். "நீங்கள் ஒப்புக்கொண்ட டிராயிங்படியே செய்திருக்கிறோம்" என்று பணிவாகப் பதில் வந்தது. நூற்றுக்கு நூறு உண்மை.

உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். விலை குறைவது டைட்டானியம் மட்டம் என்பதால் இல்லை. பெயர் பெற்ற கடையில் ஒருவர் உட்கார்ந்து உங்களை அளந்து, கேள்வி கேட்டு, வரைந்து, தப்பு கண்டுபிடிப்பார். இங்கே அந்த ஆள் நீங்கள்தான், அவர் சம்பளம்தான் மிச்சம். டிராயிங்கில் உள்ள எல்லா எண்களையும் இங்கே போடுங்கள், படம் மட்டும் போதாது.

இரும்புக்குதிரை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். துருதான் பிரச்சினை என்றால் ஸ்டீல் ஃபிரேமையே அளவுக்குச் செய்து உள்ளே துருத்தடுப்பு எண்ணெய் அடித்துக்கொள்ளலாமே. டைட்டானியம் ஓட்ட இதமாக இருக்கும் என்பதெல்லாம் விளம்பரம். 45 டயரில் காற்றை கொஞ்சம் இறக்கினால் கிடைக்கும் இதம் எந்த உலோகத்திலும் கிடைக்காது.

வெல்டிங்காரன்:
அதில் பாதி சரி. டைட்டானியத்தின் அடர்த்தி ஸ்டீலில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், விறைப்பும் ஏறத்தாழ பாதிதான். அப்படியே ஸ்டீல் குழாய் அளவிலேயே செய்தால் எடை குறையும், ஆனால் ஃபிரேம் நூடுல்ஸ் மாதிரி நெளியும். அதனால் குழாயைப் பெரிதாக்குவார்கள். குழாயின் விறைப்பு அதன் சுவர்த் தடிமனோடு நேர்விகிதத்தில் ஏறும், விட்டத்தோடு மும்மடியில் ஏறும். கீழ்க்குழாயை 34.9 இலிருந்து 38.1 ஆக்கினால், தடிமன் அதேதான், விறைப்பு 30 சதவீதம் கூடிவிடும். ஆக "டைட்டானியம் இப்படி ஓடும்" என்று ஒன்று கிடையாது, எந்த விட்டம், எந்தத் தடிமன் என்பதுதான். 1970களில் வந்த ஆரம்ப கால டைட்டானியம் சைக்கிள்கள் நெளிந்ததற்கும் விரிசல் விட்டதற்கும் கலப்பில்லாத டைட்டானியத்தை மெல்லிய குழாயில் போட்டது ஒரு காரணம். அமெரிக்காவில் 1986ல் மெர்லினும் லைட்ஸ்பீடும் தொடங்கிய பிறகுதான் 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வெனடியம் சேர்ந்த கலவை சைக்கிளில் வேரூன்றியது. விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்க்காக இருந்த சரக்கு அது. அதைத்தான் கிரேடு 9 என்கிறார்கள்.

கிரேடு 5 என்பது 6 அலுமினியம், 4 வெனடியம். அதிக வலிமை, ஆனால் தையல் இல்லாத மெல்லிய குழாயாக இழுப்பது கஷ்டம். தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டு செய்து குழாயாக்குவதும் உண்டு. கடைந்து எடுக்கும் பாகங்களுக்கு, அதாவது பின்சக்கரம் மாட்டும் டிராப்அவுட், ஹெட் டியூப், பாட்டம் பிராக்கெட் கூடு, அதற்கு கிரேடு 5 அருமை. குழாய் கிரேடு 9 தையல் இல்லாதது, குளிர்நிலையில் இழுத்து அழுத்தம் நீக்கியது என்று சொன்னால் நிம்மதியாக இருங்கள். "முழுக்க கிரேடு 5" என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வெல்டிங். சூடான டைட்டானியம் பசித்த பிள்ளை மாதிரி, பக்கத்தில் உள்ள ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் எல்லாவற்றையும் விழுங்கும், விழுங்கினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை வந்துவிடும். அதனால் வெளியே மட்டுமல்ல, குழாய்க்கு உள்ளேயும் ஆர்கானை ஓடவிட்டுக்கொண்டே வெல்டு செய்ய வேண்டும், வெல்டு முடிந்து ஆறும்வரை விடக் கூடாது. வெள்ளி நிறம் நல்லது, லேசான வைக்கோல் நிறமும் பரவாயில்லை. நீலம், ஊதா வந்தால் சந்தேகப்படுங்கள். சாம்பல் பூத்து வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அந்த ஃபிரேம் குப்பை. வெளியே பிரஷ் போட்டு நிறத்தை மறைத்துவிடலாம், உள்ளே மறைக்க முடியாது. பாலிஷ் செய்வதற்கு முன்னால் எடுத்த படம் கேளுங்கள், பாட்டம் பிராக்கெட் கூட்டுக்குள் டார்ச் அடித்து எடுத்த படமும் கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

புதுச்சங்கிலி:
ரொம்ப நன்றி. எண்கள் இதோ: ரீச் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் டியூப் உச்சிவரை கிடைமட்டத் தூரம்) 375, ஸ்டாக் (அதே இரண்டுக்கும் இடையே செங்குத்து உயரம்) 575, ஹெட் கோணம் 72, சீட் கோணம் 73.5, கற்பனை மேல்குழாய் நீளம் 545, ஹெட் டியூப் 155, சங்கிலிப் பக்கக் குழாய் 420, சக்கர அச்சுக்குக் கீழே பாட்டம் பிராக்கெட் இறக்கம் 70, ஃபோர்க் நீளம் 395, ஃபோர்க் முன்தள்ளல் 50, முன் மையத் தூரம் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன்சக்கர அச்சுவரை) 596. பெடலைத் தாங்கும் கிராங்க் 170. ஹெட் டியூப் 44 வகைதான். கிழட்டு டயர் அண்ணா சொன்ன கிண்ணம் டிராயிங்கில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

மண்பாதை:
பார்க்கத் தெரியாவிட்டால் கணக்குப் போட்டுவிடலாம். 575 ஸ்டாக்கில் 70 இறக்கத்தைக் கழித்தால் சக்கர அச்சிலிருந்து ஹெட் டியூப் உச்சிவரை செங்குத்தாக 505. 395 ஃபோர்க்கும் 50 முன்தள்ளலும் 72 டிகிரியில் அதில் சுமார் 357ஐ எடுத்துக்கொள்ளும். மீதி 148. அதைக் கோணத்துக்குத் தகுந்து மாற்றினால் குழாயின் நீளவாக்கில் 155. உங்கள் ஹெட் டியூபும் 155. அப்படியானால் கிண்ணத்துக்கு இடம் பூஜ்யம். அண்ணன் விழுந்த அதே குழி.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, எந்த ஹெட்செட் (கிண்ணமும் பேரிங்கும் சேர்ந்த தொகுதி) என்று நீங்கள் சொல்லியிருக்கவே மாட்டீர்கள். ஹெட்செட்டின் பெயர், மேல் கிண்ணம், கீழ்க் கிண்ணம், அதன் உயரம், எல்லாம் எழுதி அனுப்புங்கள்.

இரண்டாவது, காலும் சக்கரமும். 45 டயருக்குச் சக்கர ஆரம் 311 கூட்டல் 45, சுமார் 356. கிராங்க் 170. பெடல் அச்சுக்கு முன்னே ஷூ ஒரு 100. கூட்டினால் 626. உங்கள் முன் மையத் தூரம் 596. மூன்று சென்டிமீட்டர் இடிக்கும். சாலையில் வேகமாகப் போகும்போது தெரியாது, மெதுவாகக் கூர்வளைவில் திரும்பும்போது ஷூ நுனி டயரில் மாட்டும், விழுவீர்கள்.

அதிலும் நீங்கள் சொன்ன உடல்வாகுக்கு ரீச் 375 எதற்கு? அளவுக்குச் செய்வதன் லாபமே இங்கேதான். ரீச் 388க்குப் போங்கள், ஸ்டெம்மை 13 மி.மீ. குறையுங்கள், கை அதே இடத்தில் இருக்கும். ஹெட் கோணம் 71 ஆக்குங்கள். ஆனால் கோணத்தை மட்டும் சாய்த்தால் டிரெயில் (ஹெட் டியூபின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 63 இலிருந்து 70க்கு எகிறிவிடும், மெதுவான வேகத்தில் ஹேண்டில் தொங்கிச் சாயும். ஃபோர்க்கை 55 முன்தள்ளல் உள்ளதாக எடுத்தால் டிரெயில் 64க்கு வந்துவிடும், முன் மையமும் 624 ஆகும். கிராங்கை 165 ஆக்கினால் தேவை 621. மூன்று மி.மீ. மிச்சம். குட்டைக் காலுக்கு 165 எப்படியும் நல்லதுதான்.

சங்கிலிப் பக்கக் குழாய் 420 என்பது 45 டயருக்கு நெருக்கடி. டயருக்கு இரண்டு பக்கமும் ஆறாறு விட்டால் 57 மி.மீ. இடைவெளி வேண்டும், அதே இடத்தில்தான் செயின்ரிங்கும் வந்து நிற்கிறது. 430 கேளுங்கள், எத்தனை பல் ரிங் போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கிழட்டு டயர்:
மண்பாதை கணக்குப் போட்டால் கை வைக்க இடமிருக்காது. இன்னொன்று, பாட்டம் பிராக்கெட்டை மரை போட்டதாக வாங்குங்கள், பழைய பிஎஸ்ஏ மரையோ டி47 மரையோ. அழுத்திப் பொருத்தும் வகை வேண்டாம். குழாயின் உள்வட்டம் மயிரிழை பிசகினாலும் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கும்.

கேபிளை எல்லாம் ஹெட்செட் வழியாக உள்ளே விடும் ஆசையும் வேண்டாம். அழகுதான், ஆனால் பேரிங் மாற்ற பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டிவரும்.

சரிவுப்பாதை:
யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லையே. எனக்குப் பாதி முன்பணம், மீதி பெட்டி கட்டும் முன்னால். இரண்டாவது தவணை நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று அவர்கள் முகவரியிலிருந்தே ஒரு மெயில். மொழிநடை கொஞ்சம் வேறாக இருந்தது, அதுவரை என்னை "நண்பரே" என்று அழைத்தவர் திடீரென்று "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்" என்கிறார். வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மெயிலுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். கணக்கு எண்ணை எப்போதும் வேறு வழியில் உறுதி செய்யுங்கள். முடிந்தால் முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள், சரக்கு வராவிட்டால் தகராறு எழுப்ப ஒரு வாய்ப்பு இருக்கும். நேரடி வங்கி மாற்றலில் போனது போனதுதான்.

சுங்கத்துக்கு: சைக்கிள் ஃபிரேமும் ஃபோர்க்கும் உலகம் முழுக்க 8714.91 என்ற தலைப்பில் வரும், முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. பெட்டியின் பில்லில் அந்த எண்ணும் உண்மையான விலையும் இருக்கட்டும். "விலையைக் குறைத்துப் போடவா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், வழியில் நசுங்கினால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

பாவோஜி பக்கத்து ஆள் என்றால், அதாவது சீனாவில் டைட்டானியம் ஊர் என்றே பெயர் எடுத்த இடம், சீனப் புத்தாண்டு எப்போது என்று பார்த்துக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். பண்டிகைக்கு முன்னால் அவசரத்தில் வெல்டு செய்த ஃபிரேம் எனக்கு வேண்டாம்.

ஒற்றைக்கியர்:
என் கதையையும் கேளுங்கள். மூன்றாவது வருடம் சீட் டியூப் உச்சியில், கிளாம்புக்காக வெட்டிய பிளவின் அடியிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல். முதலில் கீறல் என்று நினைத்தேன், நகத்தால் தடவினால் நகம் மாட்டியது. வாரண்டி வாழ்நாள் முழுக்க என்று எழுதியிருந்தார்கள், பேச்சு மாறவும் இல்லை. ஆனால் ஃபிரேமைத் திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது, திரும்பி வரும்போது மறுபடி சுங்கத்தில் விளக்கம். மொத்தத்தில் ஐந்து மாதம் சைக்கிள் இல்லை. அந்தப் பிளவின் அடியில் வட்டத் துளை இருக்க வேண்டும், கூர்மையாக முடிந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். என்னுடையதில் துளை இல்லை.

என் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. போஸ்ட்டை ரொம்ப உயர்த்தி வைத்திருந்தேன், அதன் அடி மேல்குழாய் இணைப்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கவில்லை. மொத்த நெம்புகோலும் அந்தப் பிளவின் தலையில்தான்.

இரும்புக்குதிரை:
இதையே ஸ்டீலில் தெருமுனைப் பட்டறையிலேயே ஒட்டியிருக்கலாம் என்று சொல்ல வாய் துடிக்கிறது, சொல்லவில்லை.

வெல்டிங்காரன்:
சொல்லிவிட்டீர்கள். டைட்டானியத்தையும் ஒட்டலாம், அந்தச் சுத்தம் தெரிந்த ஆள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சங்கிலி:
நாலரை மாதம் கழித்து வருகிறேன். டிராயிங் நான்கு முறை திருத்தம். 71 டிகிரி, 388 ரீச், 150 ஹெட் டியூப், 430 சங்கிலிப் பக்கக் குழாய், 12 மி.மீ. கிண்ணம் தனியாகக் கோடு போட்டுக் காட்டி. மூன்றாவது திருத்தத்தில் ரீச் சத்தமில்லாமல் 375க்குத் திரும்பியிருந்தது, பழைய கோப்பில் திருத்தியிருக்கிறார்கள் போல. ஒவ்வொரு முறையும் எல்லா எண்ணையும் முதலிலிருந்து சரிபார்த்ததால் மாட்டியது.

பெட்டி நேற்று வந்தது. பிரித்ததும் முதல் வேலையாக டார்ச். பாட்டம் பிராக்கெட்டுக்குள் வெல்டுகளின் முதுகு வெள்ளி நிறம், ஒரே ஒரு இடத்தில் வைக்கோல். அப்புறம் ஹெட் டியூபிலிருந்து நூலை இழுத்து இரண்டு டிராப்அவுட்டுக்கும் கட்டி, சீட் டியூபுக்கும் நூலுக்கும் இடைவெளி அளந்தேன், இரு பக்கமும் வித்தியாசம் அரை மி.மீ. கூட இல்லை. பாட்டம் பிராக்கெட் கிண்ணம் கையாலேயே கடைசிவரை திரும்பியது. சீட் பிளவின் அடியில் துளை இருக்கிறது, ஒற்றைக்கியர் புண்ணியம். எடை 1.78 கிலோ.

மாட்டி ஓட்டிப் பார்த்தாயிற்று. ஷூ நுனிக்கும் டயருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் போகிறது. மேல்குழாய்க்கு மேல் நின்றால் இடிக்கவில்லை, கை நீட்டினால் ஹேண்டில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, எனக்கு இது புது அனுபவம்.

ஒரே ஒரு கூத்து. மட்கார்டு மாட்டப் பின்னால் மரைத்துளை கேட்க மறந்துவிட்டேன். நான்கு திருத்தம், பன்னிரண்டு கண்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. டிராயிங்கில் இல்லை, ஃபிரேமிலும் இல்லை. டிராப்அவுட்டில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாமா?

வெல்டிங்காரன்:
ஐயோ, ட்ரில்லைக் கீழே வையுங்கள். துளை போட்ட இடம் விரிசலுக்கு அழைப்பிதழ், வாரண்டியும் அன்றோடு முடிந்தது. ரப்பர் வைத்த கிளிப்பைக் குழாயைச் சுற்றி மாட்டி அதில் மட்கார்டு கம்பியை முடுக்குங்கள். அப்படியே இன்னொன்று, மரைகளுக்கும் சீட் போஸ்ட்டுக்கும் செம்புப் பசை தடவினீர்களா? டைட்டானியம் மரை காய்ந்திருந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அலுமினிய போஸ்ட் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் வேர் பிடித்துவிடும். கார்பன் போஸ்ட் என்றால் மட்டும் அதற்குரிய பசை.

புதுச்சங்கிலி:
பாட்டம் பிராக்கெட்டுக்குத் தடவினேன், போஸ்ட்டுக்கு மறந்துவிட்டேன், இப்போதே உருவித் தடவுகிறேன். ட்ரில் பக்கத்து வீட்டுக்காரருடையது, அவரிடமே கொடுத்துவிட்டேன்.